பத்தொன்பது ஆசிமொழிகளும் அலையும் மனமும்

யூத சமயத்தில் ஜெபம் நாளுக்கு மூன்று வேளை: காலையில் ஷஹரீத், பிற்பகலில் மின்ஹா, இரவில் மஆரீவ். மூன்றுக்கும் நடுநாயகம் அமீதா. பாதங்களைச் சேர்த்து நின்று, எருசலேம் இருக்கும் திசை நோக்கி, தன் காதுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லும் 19 ஆசிமொழிகள் அவை. சொற்கள் முன்னரே வகுக்கப்பட்டவை, சிறுவயதிலேயே மனப்பாடமாகிவிடுபவை. சிக்கலும் அங்கேதான். வாய் சொல்லிக்கொண்டே போகும். மனம் கொடுக்கல் வாங்கலில் கிடக்கும். அதிலும் மின்ஹா, கடையும் பட்டறையும் மும்முரமாக இருக்கும் பொழுதில் வந்து நிற்கிறது. சொல்லோடு மனமும் சேர்ந்து நிற்பதை யூத மரபு கவ்வனா என்கிறது.

முற்காலத்துப் பக்திமான்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் காத்திருந்து மனத்தை இறைவன் பக்கம் திருப்பினார்கள் என்கிறது, ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட சட்ட நூலான மிஷ்னா. முன்னால் ஒன்று, ஜெபத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று என்று சேர்த்து நாளுக்கு ஒன்பது மணி நேரம் எனக் கணக்குப் போடுகிறது, அதன் விரிவுரையான பாபிலோனியத் தல்மூத். போட்டுவிட்டு, அப்படியானால் கல்விக்கும் பிழைப்புக்கும் நேரம் ஏது என்று தானே கேட்கிறது. பக்தியின் பலனால் இரண்டும் குறைவின்றி நடந்தன என்பது அதன் விடை. கூலிக்கு உழைப்பவனுக்கு இந்த விடை அவ்வளவாக உதவாது. அவனுக்கு மிஷ்னாவிலேயே வேறு விதி உண்டு. மரத்தின் மேலோ சுவரின் மேலோ வேலை செய்பவன், இறைவன் ஒருவனே என்று அறிக்கையிடும் ஷெமாவை அங்கிருந்தபடியே ஓதலாம். அமீதாவை அப்படிச் சொல்லக் கூடாது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மனம் ஒருமைப்படாது என்பது உரையாசிரியர் தரும் காரணம்.

12ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் இன்னும் கறார். கவ்வனா இல்லாத ஜெபம் ஜெபமே அல்ல; களைப்போ கலக்கமோ உள்ளவன் மனம் தெளியும்வரை ஜெபிக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். எழுதியவர் துறவி அல்லர், எகிப்தின் அரசவை மருத்துவர். தினமும் ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோ அரண்மனைக்குப் போய்ப் பசியோடு வீடு திரும்பினால் அங்கும் நோயாளிகள் நிறைந்திருப்பார்கள் என்றும், சோர்வு தாங்காமல் படுத்தபடியே அவர்களுக்கு வைத்தியம் சொன்னதாகவும் 1199ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் விவரிக்கிறார்.

மனச்சிதறலை நவீன நுகர்வு வாழ்க்கையின் நோயாக மட்டும் பார்ப்பவர்கள் எருசலேம் தல்மூதைப் புரட்டினால் போதும். ஒருமுறை முயன்று மனத்தைக் குவிக்கப் போய், அரசனைக் காண எந்த அதிகாரி முதலில் நுழைவார் என்ற யோசனையில் முடிந்தது என்கிறார் ரபி ஹிய்யா. ஷமுவேல் பறவைக் குஞ்சுகளை எண்ணினாராம். இன்னொருவர் கட்டடத்தின் செங்கல் வரிசைகளை. ரபி மத்தன்யா தன் தலைக்கு நன்றி சொல்கிறார்: நன்றி கூறும் ஆசிமொழி வந்ததும் அது தானாகவே குனிந்துவிடுகிறதாம். இவர்கள் யாரும் ஜெபத்தை விட்டுவிடவில்லை.

பின்வந்த சட்டம் இறங்கி வந்தது. 1565இல் அச்சான யோசேப் காரோவின் ஷுல்ஹான் அரூக், முதல் ஆசிமொழியிலாவது கவ்வனா வேண்டும், தவறினால் திரும்பச் சொல்ல வேண்டும் என்றது. திரும்பச் சொன்னாலும் மனம் நிற்கப்போவதில்லை, ஆகவே வேண்டாம் என்று குறிப்பெழுதினார் போலந்தின் மோசே இசர்லெஸ். 18ஆம் நூற்றாண்டு ஹசிதிய இயக்கம் வேறு வழி தேடியது. குறுக்கிடும் நினைப்பிலும் தெய்விகப் பொறி உண்டு, அதை மேலே உயர்த்தலாம் என்பது இயக்கத்தின் நிறுவனரான பால் ஷெம் தோவ் மரபின் போதனை. அதெல்லாம் ஞானிகளுக்கு, சாதாரண மனிதன் குறுக்கிடும் நினைப்பைப் பொருட்படுத்தாமல் ஜெபத்தைத் தொடரட்டும் என்று தானியா நூலில் ஹசிதிய ஆசான் ஷ்னேயுர் சல்மான் வரம்பு கட்டினார்.

பொருள் தேவையை ஜெபம் வெளியே நிறுத்தவில்லை. வாரநாள் அமீதாவின் நடுவிலுள்ள 13 ஆசிமொழிகளும் வேண்டுதல்களே. நோய் தீரவும் விளைச்சல் பெருகவும் அங்கே கேட்கலாம். பணத்தைத் தொடவே கூடாத ஓய்வுநாளில் அந்தப் பதின்மூன்றும் விலக, நடுவில் அந்நாளைப் போற்றும் ஒன்று சேர்ந்து மொத்தம் ஏழாகிறது. பழக்கத்தில் வாய் வாரநாள் வேண்டுதலைத் தொடங்கிவிட்டால் அதைப் பாதியில் வெட்டுவதில்லை. தொடங்கிய ஆசிமொழியை முடித்துவிட்டு, பிறகே ஓய்வுநாள் பகுதிக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி.