அஞ்சாதவருக்கே அஹிம்சை

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில், பெரியாற்றின் கரையில் அமைந்துள்ளது வண்டிப்பெரியார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து கிள்ளும் பெண்களில் பலர், சில தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். லயங்களில் நெருக்கமான வாழ்க்கை. மாரியம்மனுக்கோ முருகனுக்கோ எழுப்பிய சிறு கோயில்களே அவர்களுக்கு ஆறுதல்.

அத்தகைய கோயிலில் விளக்கேற்றித் தொழும் ஒரு தாயின் உள்ளத்தில் இப்படி ஒரு கேள்வி எழக்கூடும்: 'எல்லாம் அவன் சித்தம் என்று வாழ்பவள், உரிய கூலியைக் கேட்டு வீதியில் அமரலாமா? அது பக்திக்குக் குறைவாகாதா?' தோட்டத்தில் உழைப்பவருக்கு மட்டும் உரிய கேள்வியன்று இது. பொறுமையே ஆன்மிகம், உரிமை கேட்பது உலகியல் என்று எண்ணி ஒதுங்கி நிற்கும் சாதகர்கள் எங்கும் உளர். அவர்களுடைய எண்ணம் சரியானதா?

பகவத் கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வீகப் பண்புகளைப் பகவான் வரிசையாகக் கூறுகிறார். அந்த வரிசையில் முதலாவது அபயம், அதாவது அச்சமின்மை. அஹிம்சை, சத்தியம், சினமின்மை ஆகியவை அதன் பின்னரே வருகின்றன. இந்த வரிசையைச் சிந்தித்தல் தகும். அஞ்சுபவன் அடிக்காமல் இருப்பது அஹிம்சை ஆகாது. வலிமை கிடைத்த நாளில் அவனும் அடிப்பான். அடிக்கவும் ஓடவும் இயலும் நிலையில், இரண்டையும் விடுத்து உண்மையின் பக்கம் நிற்பவனிடமே அஹிம்சை குடிகொள்கிறது.

வேதாந்தம் திதிக்ஷை என்ற பண்பைப் பெரிதும் போற்றுகிறது. தனக்கு வரும் துன்பத்தைப் புலம்பாமல், பழிவாங்க எண்ணாமல் தாங்குவதே திதிக்ஷை. தன் குளிரைப் பொறுத்துக்கொள்வது தவம். அடுத்த வீட்டுக் குழந்தை குளிரில் நடுங்குவதைக் கண்டும் பேசாதிருந்துவிட்டு, அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

வெள்ளத்தில் நின்ற தவம்

இந்த உண்மை வாழ்ந்து காட்டப்பட்ட இடம் வண்டிப்பெரியாருக்கு வெகு தொலைவில் இல்லை. மலைச்சாலையில் இறங்கிக் கோட்டயத்தை அடைந்து, அங்கிருந்து வடமேற்கே சென்றால் வைக்கம். அங்குள்ள மகாதேவர் ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் ஈழவர், புலையர் முதலிய மக்கள் நடக்கத் தடை இருந்தது. ஆலயத்தினுள் நுழைய அன்று, அதன் அருகே உள்ள பொதுவீதியில் நடப்பதற்கே அந்தத் தடை.

1924 மார்ச் 30 அன்று மூவர் தடைக்கோட்டை நோக்கி நடந்தனர். குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். பணிக்கர் தடையின்றிச் செல்லக்கூடியவர். ஆயினும் மற்ற இருவரையும் விட்டுவிட்டுச் செல்ல அவர் மறுத்தார். மூவரும் கைது செய்யப்பட்டனர். தனக்குத் திறந்திருக்கும் பாதையையும் சகோதரனுக்காகத் துறந்த அந்தச் செயலைத் தியாகம் என்றே சொல்ல வேண்டும்.

தலைவர்கள் சிறைப்பட்டதும் தமிழகத்திலிருந்து ஈ.வெ.ராமசாமி வந்து போராட்டத்தை நடத்தினார். இருமுறை சிறை சென்றார். அவருடைய துணைவியார் நாகம்மையாரும் களத்தில் நின்றார். துறவியான ஸ்ரீ நாராயண குரு நேரில் வந்து ஆதரவு தந்தார். ஆயிரம் ரூபாய் நன்கொடையும் அளித்தார். பின்னாளில் கடவுள் மறுப்பைப் போதித்தவரும், கடவுளிலேயே வாழ்ந்த துறவியும் ஒரே வீதி திறப்பதற்காக உழைத்தனர். உண்மை அழைக்கும்போது வருகிறவர்களின் கொள்கை வேறுபாட்டை அது கேட்பதில்லை.

1924 ஜூலையில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. மலையாள ஆண்டு 1099 ஆதலால், 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று மக்கள் இன்றும் அதனைக் குறிப்பிடுவர். வைக்கம் வீதிகளிலும் நீர் ஏறியது. காவலர்கள் படகில் இருந்து காவல் காத்தனர். தொண்டர்களோ முறை மாற்றிக்கொண்டு, தடையின் முன் வெள்ளத்திலேயே நின்றனர். தாக்குதல்களும் நடந்தன. அடிபட்ட சிற்றேடத்து சங்குப் பிள்ளை அவ்வாண்டு டிசம்பரில் உயிர் துறந்தார்.

இவ்வளவு துன்பத்தால் விளைந்தது என்ன? 1924 நவம்பரில், மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினர் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குக் கால்நடையாகச் சென்றனர். வீதிகளைத் திறக்குமாறு வேண்டி, 25,000க்கும் மேற்பட்ட உயர்சாதியினர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அரசப் பிரதிநிதியான மகாராணியிடம் அளித்தனர். தொண்டர்கள் ஒரு கல்லை எறிந்திருந்தாலும் இந்த உள்ளங்கள் மூடிக்கொண்டிருக்கும். எதிரில் நிற்பவனுக்கும் மனம் மாற ஒரு வழி விட்டுவைப்பதே அஹிம்சையின் ஆற்றல்.

ஆயினும் உடனடி வெற்றி கிட்டவில்லை. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் வந்த தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. மார்ச்சில் காந்திஜி வந்து, எதிர்த்தவர்களின் இல்லம் தேடிச் சென்று உரையாடினார். நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று வீதிகள் திறந்தன. கிழக்கு வீதியில் தடை நீடித்தது. ஆலயக் கதவுகள் அனைவருக்கும் திறக்க, 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க நேர்ந்தது. வெள்ளத்தில் நின்றவர்களுக்கு அந்த நாள் கண்ணுக்குத் தெரிந்திருக்க இயலாது. பலனைக் கருதாத செயல் என்று கீதை சொல்வதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மூணாறின் தாய்மார்கள்

இவையெல்லாம் பழைய கதை என்று எவரும் தள்ளிவிட வேண்டியதில்லை. இடுக்கி மாவட்டத்திலேயே, மூணாறில், 2015 செப்டம்பரில் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தனர். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். அன்று நாள் கூலி 232 ரூபாய். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான அவர்கள், தங்களுக்காகப் பேசி வந்த தலைவர்களை விலக்கி, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே பேச முன்வந்தனர். ஒன்பது நாள் உறுதியாக இருந்து 20 சதவீதம் பெற்றனர்.

அவர்களிடம் சினமே எழவில்லை என்று கூறினால் அது உண்மையாகாது. சுடுசொற்களும் சீற்றமும் சில வேளைகளில் வெளிப்பட்டன. சினமின்மை வரிசையில் பின்னால் வரும் பண்பு. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஆனால் முதற்பண்பாகிய அபயம் அந்தத் தாய்மார்களிடம் ஒளிவீசியதை எவரும் மறுக்க முடியாது.

கூலி உயர்வுக்கான போராட்டம் விரைவில் கேரளத்தின் ஏனைய தோட்டங்களுக்கும் பரவியது. அவர்கள் கேட்டது 500 ரூபாய். அக்டோபரில் தேயிலைத் தொழிலாளரின் கூலி 301 ரூபாய் என முடிவாயிற்று. கேட்ட உயர்வில் ஏறத்தாழ கால்பங்கு வழிதான் கடந்தார்கள். ஆயினும் அந்த உயர்வு மூணாறோடு நிற்கவில்லை. வண்டிப்பெரியாரில் கூடை சுமக்கும் பெண்ணையும் அது சென்றடைந்தது. ஒருவர் ஏற்கும் துன்பத்தின் பயன் முகமறியாத பலருக்குச் சேரும்போது, அந்தத் துன்பம் வேள்வியாகிறது.

வேள்வி இன்னும் முடியவில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களைப் புதைத்து எழுபது பேரைக் கொண்டுசென்றது. பாதுகாப்பான வீடு என்பது இன்றும் பல தோட்டக் குடும்பங்களுக்குக் கனவுதான்.

ஆதலால், விளக்கேற்றும் தாயின் கேள்விக்கு விடை இது: பக்தி அவளைத் தடுக்காது, அவளைத் தூய்மைப்படுத்தும். அநீதியின் முன் நிற்க நேரும் சாதகன் மூன்று கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளட்டும். நான் கேட்பது உண்மையானதா? எதிரில் இருப்பவர் மீது வெறுப்பு உள்ளதா? அச்சம் என்னைப் பின்னிழுக்கிறதா? உண்மையெனில் நிற்க வேண்டும். வெறுப்பு இருந்தால் அதைப் பிரார்த்தனையில் கரைக்க வேண்டும். அச்சம் இருந்தால் அதை இறைவன் திருவடியில் வைத்துவிட்டு அடியெடுத்து வைக்க வேண்டும்.

கோயிலில் அபயக் கரம் காட்டி நிற்கும் தெய்வம், அந்த அபயத்தை வீதியிலும் வாழ்ந்து காட்டும் வலிமையை அனைவருக்கும் அருள்வதாக!