திறந்திருந்த வாசல்

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேற்றத்தைப் படமெடுக்கப் போகிறவன் முதலில் சூரியனோடு மல்லுக்கட்ட வேண்டும். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு நின்றால் மினாரா தெரியும். ஆனால் மாலை வெயில் நேரே கமராவுக்குள் விழுந்து சனமெல்லாம் கறுத்துப்போகும். ஊர்ப் பக்கமாக நின்றால் முகங்கள் துலங்கும், கொடி அகப்படாது. இதற்கிடையில் ஐஸ்பழக்காரன், பிள்ளையைத் தோளில் சுமந்த வாப்பாமார், முழங்கை இடிகள். ஸலவாத்து முழங்கக் கொடி ஏறும்போது எல்லோரும் ஒருசேர அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த முகங்களுக்காகவே ஜமாதுல் ஆகிர் தலைப்பிறைதோறும் போய்வந்தேன். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் எடுக்கப்படும் கந்தூரி அது. கந்தூரி கூடுமா கூடாதா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை.

அந்த முகங்களைக் கேட்டுவிட்டு எடுக்க முடியாது. கேட்டால் முக்காட்டைச் சரிசெய்வார்கள், சிரிப்பார்கள்; தேடி வந்தது போய்விடும். எனவே 200 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். எட்ட நின்றே எடுக்கலாம், யாருக்கும் தெரியாது. பொது இடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

2002ஆம் ஆண்டுக் கொடியேற்றத்தில் அப்படித்தான் ஓர் உம்மாவை எடுத்தேன். ஏந்திய கைகள், கன்னத்தில் கண்ணீர். படம் ஒரு சஞ்சிகையில் வந்தது, பாராட்டினார்கள். அடுத்த வருடம் கந்தூரியைக் கண்டித்து யாரோ வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தின் முகப்பில் அதே முகம். கீழே கொட்டை எழுத்தில் 'ஷிர்க்'. அவர் யாரிடம், என்ன வார்த்தையில் கேட்டார் என்பது அச்சடித்தவர்களுக்குத் தெரியாது. எடுத்த எனக்கும் தெரியாது. அத்தனை தூரத்தில் உதடு அசைவதுதான் தெரிந்தது.

ஸூரத்துந் நூரின் 27ஆம் வசனம் பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையச் சொல்கிறது. முகம் வீடல்ல என்று வாதிடலாம்; நானும் வாதிட்டவன்தான். ஆனால் துஆவில் இருப்பவர் பெருங்கூட்டத்தின் நடுவிலும் தனித்தே இருக்கிறார். வாசல் திறந்திருந்தது என்பதற்காக அது அழைப்பாகிவிடுமா? மறுபக்கமும் உண்டு. கேட்டு எடுத்த படங்களை மட்டும் வைத்து ஒரு சமூகத்தின் நினைவைச் சேர்த்தால் மிஞ்சுவது கலியாண வீட்டு அல்பம்தான். இவ்விரண்டுக்கும் நடுவே எனக்கு இன்னும் கால் ஊன்ற இடம் கிடைக்கவில்லை.

விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஏசுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். பிரசுரத்தை மருமகன் கொண்டுவந்து காட்டியிருந்தாராம். அதன்பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. நான் கொடுத்த படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் மகன், என்ட பேரன் இதுல இல்லயா? அவனுக்குத்தானே அண்டைக்கு நேந்து போன. பக்கத்துலதான் நிண்டான்."

நின்றிருக்கிறான். படம் அழகாக அமைய வேண்டுமென்று இடப்பக்கத்தை வெட்டியவன் நான். வீடு வந்து நெகட்டிவை எடுத்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒரு சின்னக் கை, அரை முகம். மிச்சம் பிலிமுக்கு வெளியே.