சோம்பலா, சுகவீனமா?



வீட்டில் ஒருவர் வேலையிலும் செபத்திலும் நாட்டமின்றி முடங்கிக் கிடந்தால், "சோம்பேறி", "விசுவாசம் குறைந்தவன்" என்று உடனே தீர்ப்பிடுகிறோம். அது நியாயமா?

நம் நாட்டுச் சர்ப்பகந்திச் செடியின் வேரிலிருந்து 1952-ல் ரிசர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1957-ல் சுவீடன் தேசத்து விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்பு எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தவே, எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் என்னும் இரசாயனம் வற்றியதே அம்முடக்கத்திற்குக் காரணம். இன்று பார்க்கின்சன் நோயாளருக்கு முக்கிய மருந்தாயிருப்பது அந்த எல்-டோபாவே. கார்ல்சன் 2000-ல் நோபல் பரிசு பெற்றார்.

அப்படியானால் மனிதன் வெறும் இரசாயனந்தானா? இல்லை. எண்ணெயின்றி விளக்கு எரியாது. அதற்காக எண்ணெயே சுடர் என்று சொல்வாருண்டோ? நமக்கு மனச்சுதந்திரம் மெய்யாகவே உண்டு. ஆனால் சரீரத்தின் துணையின்றி அது செயற்படுவதில்லை. மனச்சோர்வு நோயோ இன்னும் சிக்கலானது. ஒரே பொருளின் குறைவென்று அதை விளக்கிவிட முடியாது.

ஆகவே, சுகமாயிருப்பவன் "என் மூளை அப்படி" என்று சாக்குச் சொல்லலாகாது. பிறருடைய விஷயத்திலோ, நோய் எவ்வளவு, குற்றம் எவ்வளவு என்று அளக்கச் சர்வேசுரன் ஒருவராலேயே கூடும். நம் வேலை வேறு. சோர்ந்தவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்துண்பது விசுவாசக் குறைவன்று. எண்ணெய் வற்றிய விளக்கைத் திட்டி எரிய வைத்தவர் எவருமில்லை.