மீட்பரா, காவல் வீரனா?

விண்ணுலகிலிருந்து ஒரு தந்தை தன் ஒரே மகனை மனிதரிடம் அனுப்புகிறார். மகன் எளிய குடும்பமொன்றில் வளர்ந்து, முப்பது வயதில் தன் பணியைத் தொடங்குகிறான். 1978இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய ‘சூப்பர்மேன்’ படத்தின் கதை இது. நற்செய்தி படித்தவருக்கு இயேசுவின் கதை நினைவுக்கு வராமல் போகாது. 2013இல் ஸாக் ஸ்னைடர் எடுத்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ இந்த ஒற்றுமையை வெளிப்படையாகவே காட்டியது. நாயகனுக்கு வயது 33. என்ன செய்வதென்று தெரியாமல் தேவாலயத்துக்குப் போகிறான். அவனுக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடியில் கெத்செமனே தோட்டத்து இயேசு மன்றாடிக்கொண்டிருக்கிறார். பின்னொரு காட்சியில், விண்கலத்திலிருந்து இரு கைகளையும் சிலுவைபோல் விரித்தபடி பூமிக்கு இறங்குகிறான். படத்தை விளம்பரப்படுத்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்கப் போதகர்களுக்குப் பிரசங்கக் குறிப்புகளையே தயாரித்துக் கொடுத்தது.

ஆனால் சூப்பர்மேனை 1938இல் உலகுக்குத் தந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அழியும் கோளிலிருந்து குழந்தையைக் கலத்தில் ஏற்றி அனுப்பும் காட்சியில் மோசேயைக் காண்பவர்கள் உண்டு. அவரையும் நாணற்பெட்டியில் வைத்து நைல் நதியில் விட்டார்கள். தமிழ் வாசகருக்கு ஆற்றில் மிதந்து தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணன் நினைவுக்கு வருவான். உயர்ந்த பிறப்பு, கைவிடப்படுதல், எளிய வளர்ப்பு ஆகிய மூன்றும் ஒரு மதத்தின் தனிச்சொத்து அல்ல. ஆகவே ஒரு திரைக்கதையில் இவை கிடைத்தால், அதைக் கொண்டே அது கிறிஸ்தவக் கதை என்று முடிவு கட்டிவிட முடியாது.

ஒரு வீரன் கதையில் கிறிஸ்துவைக் காணலாமா என்ற கேள்வியை ஹாலிவுட்டைவிடக் கூர்மையாக எழுப்பும் இடம் மலேசியாவில் பகாங் மாநிலத்தின் கேமரன் மலை. 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மேட்டு நிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1930களில் பாரத் நிறுவனமும் இங்கே கால் ஊன்றியது. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களிலும், கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர் பெரும்பங்கினர். இப்போது பறிக்கும் கைகளில் பல வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. தமிழ்க் குடும்பங்கள் பல தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் போன்ற ஊர்களுக்கும் மலையடிவார நகரங்களுக்கும் நகர்ந்துவிட்டன. ஆனால் மலாயாத் தோட்டத் தமிழர் கப்பலேறியபோது உடன் கொண்டுவந்த தெய்வங்கள் அவர்களோடுதான் இருக்கின்றன. மாரியம்மன், முனீஸ்வரன் வரிசையில் மதுரை வீரனும் உண்டு. இந்துக்கள் பெரும்பான்மையாகவும் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாகவும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த தோட்டச் சமூகத்தில், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் மதுரை வீரன் கதை அந்நியமானது அல்ல. எம்.ஜி.ஆர். நடித்து 1956இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ படம் அதை மேலும் பரப்பியது.

அக்கதையின் பரவலான வடிவம் இது. காசி அரசனுக்குப் பிறந்த குழந்தை, கொடி சுற்றிப் பிறந்தது குலத்துக்கு ஆகாது என்று காட்டில் விடப்படுகிறது. செருப்புத் தைக்கும் அருந்ததியர் தம்பதி அதை எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்த வீரன் பொம்மண நாயக்கர் மகள் பொம்மியை மணக்கிறான். மதுரைக்குப் போய்த் திருமலை நாயக்கருக்காக அழகர்மலைக் கள்வர்களை அடக்குகிறான். அரண்மனைப் பெண் வெள்ளையம்மாள் அவன்மேல் காதல் கொள்ள, அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு உயிர் விடுகிறான். பிறகு தெய்வமாகிறான். அரச பிறப்பு பின்னால் சேர்க்கப்பட்ட பகுதி என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் சிலர் கருதுவர். சாதி கடந்த காதலைப் பொறுக்க முடியாத மனங்களே, நாயகனை உயர்ந்த குலத்தில் பிறக்கவைத்து அமைதி கண்டன என்பது அவர்கள் வாதம்.

இயேசுவின் பாடுகளைப் புரிந்துகொள்ள, சூப்பர்மேனைவிட மதுரை வீரனே நல்ல துணை என்று சொல்ல இடமுண்டு. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தின் தொடர்ச்சியாக 2016இல் வந்த படத்தில் சூப்பர்மேன் ஓர் அரக்கனோடு பொருதி இறக்கிறான். ஊரே திரண்டு துக்கம் கொண்டாடுகிறது. இயேசுவின் மரணம் அப்படிப்பட்டதன்று. ரோம ஆளுநரின் தீர்ப்பின்படி, சட்டத்தின் பெயரால், அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய இழிவான தண்டனையாக அது நிறைவேறியது. அரசனின் வாயிலிருந்து வந்த ஆணையால் கை கால் இழந்து இறந்த ஒரு செருப்புத் தைப்பவர் மகனின் கதை, அந்த அவமானத்துக்கு எவ்வளவோ அருகில் நிற்கிறது. துரைக்கும் கங்காணிக்கும் அடங்கி வாழ்ந்த மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய தேவையே இருந்திருக்காது.

அதே மதுரை வீரன் வேறுபாட்டையும் காட்டிக்கொடுக்கிறான். அவன் காவல் தெய்வம்: எல்லையில் வாளோடு நின்று, உள்ளே இருப்பவரைக் காத்து, வெளியிலிருந்து வரும் தீயதை வெட்டுபவன். சுருட்டும் சாராயமும் சேவலும் அந்தக் காவலுக்கு மக்கள் செலுத்தும் நன்றி. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் செய்வது இதே வேலைதான். எல்லை மட்டும் தோட்டத்திலிருந்து பெருநகரமாகவோ பூமியாகவோ விரிந்திருக்கிறது. இது இழிவான வேலை அல்ல. புலியும் காய்ச்சலும் உயிர்களைக் கொண்டுபோன காடுகளில் குடியேறியவர்களுக்குக் காவலைவிடப் பெரிய தேவை இருந்திருக்க முடியாது. ஆனால் நற்செய்தி பேசும் மீட்பு வேறு வகையானது. தீமை எல்லைக்கு வெளியே மட்டும் இல்லை, காக்கப்படுகிறவரின் உள்ளத்திலும் இருக்கிறது என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. அங்கே வாளுக்கு வேலை இல்லை.

பாலைநிலச் சோதனைக் கதை இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்கிறது. கல்லை அப்பமாக்கு, கோவிலின் உச்சியிலிருந்து குதி, உலக அரசுகளையெல்லாம் பெற்றுக்கொள் என்கிறான் சாத்தான். மூன்றையும் இயேசு மறுக்கிறார். உயரத்திலிருந்து குதித்து, அடிபடாமல் இறங்கி, பார்த்தவரை வாய்பிளக்க வைப்பதுதான் மீவீரர் (சூப்பர்ஹீரோ) படங்களின் உயிர்நாடி. நற்செய்தியிலோ அது சாத்தானின் யோசனை. சிலுவையில் தொங்கும்போதும் ‘இறங்கி வா’ என்ற ஏளனமே கேட்கிறது. அவர் இறங்குவதில்லை. கடவுள் நிலையில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவம் எடுத்தார் என்று பிலிப்பியருக்கு எழுதிய மடலில் பவுல் சொல்வது இதையே. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ நாயகனோ இறுதியில் எதிரியின் கழுத்தை முறிக்கிறான். வயது 33ஆக இருந்தும், கைகள் விரிந்தும், அந்தக் கட்டத்தில் படம் கிறிஸ்துவை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது.

பிற கதைகளில் கிறிஸ்துவைத் தேடும் பழக்கம் புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், கிரேக்கத் தத்துவத்தில் இறைவார்த்தையின் விதைகளைக் கண்டார். கப்பலின் பாய்மரத்தில்கூடச் சிலுவையைக் கண்டார். தமிழில் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் சூசையப்பரைத் தலைவராக்கித் ‘தேம்பாவணி’யைப் பாடியபோது, நாடும் நகரும் விரித்துச் சொல்லும் தமிழ்க் காப்பிய மரபையே கைக்கொண்டார். இருவரும் பிறர் மரபை நெருங்கிப் படித்தவர்கள். அந்தப் படிப்பு இல்லாமல், அண்டை வீட்டாரின் தெய்வத்தைக் கிறிஸ்துவின் மங்கிய நிழல் என்று மட்டும் சொல்வது மரியாதையும் அல்ல, உண்மையும் அல்ல. மதுரை வீரனுக்குத் தனக்கென ஒரு கதையும், தனக்கென ஒரு நீதிக்குரலும் உண்டு.

கிறிஸ்தவக் கருவைத் தேடுவோருக்குத் தென்னிந்தியப் படங்கள் இரண்டு நல்ல விளைநிலம். மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023) படத்தில், படக்கதை வரையும் கோழை ஒருவனுக்கு அண்ணாந்து பார்க்கும்போது ஒரு குரல் கேட்கிறது. மக்களைக் காப்பாற்றும் வீரனாக அவனை அக்குரல் வர்ணிக்க, அவன் தப்பி ஓடப் பார்க்கிறான். நினிவேக்குப் போக மறுத்துக் கப்பலேறிய யோனாவின் சாயல் இதில் தெரிகிறது. வீரன் மடிவான் என்று குரல் சொன்ன பிறகும், இடியும் குடியிருப்புக்குள் அவன் நுழைவதில் கெத்செமனேயின் சாயல்.

பாசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ (2021) மலையாளத்தில் எடுக்கப்பட்டுத் தமிழிலும் வந்தது. கிறிஸ்தவத் தையற்காரன் ஜெய்சனையும், ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய ஷிபுவையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே ஆற்றல் கிடைக்கிறது. ஒருவனுக்கு அன்பு காட்ட ஆட்கள் இருந்தார்கள், மற்றவனுக்கு இல்லை. தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் ஷிபுவின் காதலையும் தனிமையையும் காட்டிய விதத்தில், வில்லனைப் படைத்தது ஊர்தான் என்பது தெளிவாகிறது. நாயகனால் ஊரைக் காக்க முடிகிறது, ஷிபுவை மீட்க முடியவில்லை. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடித் தொண்ணூற்றொன்பதை விட்டுச்சென்ற மேய்ப்பனின் உவமையை அறிந்தவர்கள், இப்படத்தின் கிறிஸ்தவக் கேள்வியை ஜெய்சனிடம் தேட வேண்டியதில்லை. அது ஷிபுவிடம்தான் இருக்கிறது.