சுருள்முடியும் தன்மானமும்

தலைமுடியைப் பேணுவது அறத்தைப் பற்றிய கேள்வியாகுமா? கண்ணாடியின் முன்னே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் சிறு காரியமென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும், படைத்தவன் தந்ததைப் பேணுவது வேறு; அதனை வெறுப்பது வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால்தான் இதனைச் சிந்திக்கவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மால்கம் எக்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அவர் கொல்லப்பட்ட 1965ஆம் ஆண்டிலேயே வெளிவந்த நூல் அது. இளமையில், பாஸ்டன் நகரில், தம் சுருண்ட முடியை வெள்ளையரின் முடிபோல் நேராக்கிக்கொள்ள அவர் விரும்பினார். காஸ்டிக் சோடாவுடன் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த கலவையை நண்பர் ஒருவர் அவர் தலையில் பூசினார். தலை தீப்பற்றியதுபோல் எரிந்தது. ஆனால் கண்ணாடியில் நேரான முடியைக் கண்டதும் அவர் வலியை மறந்து மகிழ்ந்தார். பின்னாளில் அந்த மகிழ்ச்சியை நினைத்தே வெட்கினார். தம்மைத் தாமே இழிவுபடுத்திக்கொண்ட பாதையில் அதனை முதற்பெரும் அடியாக எண்ணினார்.

முடி கெராட்டின் என்னும் புரதத்தாலானது. அதன் இழைகளைப் பிணைத்து நிற்கும் கந்தக இணைப்புகளைக் காஸ்டிக் சோடா உடைக்கிறது; முடி நேராகிறது. ஆனால் அடுத்து முளைக்கும் முடியோ சுருண்டே வருகிறது. எனவே, அவ்வேதனையும் திரும்பத் திரும்ப வரவேண்டியதாகிறது.

அப்படியாயின், முடியை வந்தபடி விட்டுவிடுவதுதான் பேணுதலா? அதுவுமன்று. முடியுள்ளவர் அதனைக் கண்ணியப்படுத்தவேண்டுமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூதாவூதில் காண்கிறோம். கண்ணியப்படுத்த அறிவும் வேண்டும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய், வளைந்த இழையின் நுனிவரை எளிதில் இறங்குவதில்லை; ஆதலால் சுருள்முடி வறள்கிறது. வறண்ட முடி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிலிர்த்து நிற்கிறது. உலர்ந்தபின் சீப்பால் இழுத்தால் இன்னும் பறட்டையாகும். ஈரமாயிருக்கையில் அகன்ற பற்களுள்ள சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்து, சில துளி எண்ணெய் தடவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி உலரவிட்டால் அது படியும்.

சாயமிடுதல் பொய்யா? மக்கா வெற்றியின்போது (கி.பி. 630) ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூகுஹாஃபா (ரலி), வெண்பூப்போல் நரைத்த தலையுடன் அழைத்துவரப்பட்டார். அந்நரையை மாற்றுமாறும் கருமையைத் தவிர்க்குமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களும் மருதாணி இட்டவர்களே. கருமை குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. வயதை மறைத்து மணம் பேசுவது ஏமாற்று என்பதில் ஐயமில்லை. மருதாணியின் நிறம் கெராட்டினைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. நிலைத்து நிற்கும் வேதிச்சாயங்களோ பெரும்பாலும் அம்மோனியாவினால் முடியின் மேற்செதில்களைத் திறந்தே உள்ளே புகுகின்றன. ஏற்கெனவே வறண்ட சுருள்முடிக்கு இது மேலும் ஒரு சுமை.

அபூகுஹாஃபாவும் முடியை மாற்றினார். இளைஞர் மால்கமும் மாற்றினார். வேறுபாடு எங்கே? முன்னவர் மதித்து வரவேற்கப்பட்டவர். தம்மை மதித்தவரின் சொல்லுக்காக மாற்றினார். பின்னவர் தம்மை இகழ்ந்தவரின் கண்ணால் தம்மையே பார்த்தார். ஆனால் அந்த இளைஞரை மட்டும் குற்றம் சொல்வது நீதியாகாது. அவ்வெட்கம் அவருடன் பிறந்ததன்று, பிறர் கற்பித்தது.

கற்பிப்போரில் நாமும் உண்டு. ஆற்று மணலின் நெளிவாகிய அறலைக் கூந்தலுக்கு உவமை கூறிப் புகழ்ந்த சங்கப் புலவர்களின் மொழியைப் பேசும் நாமே, பெண் பார்க்கும் வீட்டில் "எல்லாம் நன்று, முடிதான் சுருட்டை" என்று குறை சொல்கிறோம். இயற்கையான முடியின் காரணமாகப் பாகுபாடு காட்டுவதை 2019இல் கலிபோர்னியா மாநிலம் சட்டத்தால் தடுத்தது. நம் கூடத்தில் சொல்லப்படும் அச்சொல்லை எந்தச் சட்டம் தடுக்கும்?

மால்கம் 1964இல் ஹஜ்ஜுக்குச் சென்றார். அங்கே ஆண்கள் தலைமுடியைக் களைகின்றனர் அல்லது குறைக்கின்றனர். நேரான முடியும் சுருண்ட முடியும் ஒரே மண்ணில் வீழ்கின்றன. அந்தச் சமத்துவத்தை ஊருக்குத் திரும்பிய பின்னும் நம் நாவில் காத்துக்கொள்வோமாக!