அடங்கிய துடிப்பு

"நாலு அடிச்சா ஒண்ணு வுட்டுப்போவுதுப்பா. அப்புறம் ஒரே ஒதை." பொம்மிடி ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்குக் காத்திருந்தபோது சித்தப்பா தன் மணிக்கட்டை என்னிடம் நீட்டினார். மாரடைப்பு வந்து ஆறு மாதம் ஆகிறது. விரல் வைத்துப் பார்த்தேன். சீராக ஓடிய நாடி சட்டென்று காணாமல் போனது. அது திரும்பி வரும்வரை என் மூச்சும் நின்றது. "இத அடக்க புதுசா மருந்து எதுவும் வரலியா?" என்றார்.

அடக்கும் மருந்து வந்தது. அதைத்தான் அன்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாரடைப்புக்குப் பின் இப்படித் துடிப்பு தவறுகிறவர்கள் திடீரென்று இறப்பது அதிகம். தவறும் துடிப்பை அடக்கிவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மாத்திரைகள் அதை நன்றாகவே அடக்கின. 1987-இல் அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வு தொடங்கியது. முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, யாருக்குத் தவறும் துடிப்பு அடங்கியதோ அவர்களையே ஆய்வில் சேர்த்தார்கள். பிறகு பாதிப் பேருக்கு அதே மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது.

1989 ஏப்ரலில் இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். கணக்கு முழுதாக வந்தபோது, மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்.

அந்த 63 பேருக்கும் மருந்து கேட்டிருந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. இ.சி.ஜி. தாளில் கோடு அழகாகியிருந்தது. உள்ளேயோ, தழும்பேறிய தசையின் ஓரமாக ஏற்கெனவே தயங்கித் தயங்கிப் போகும் மின்னோட்டத்தை மருந்து இன்னும் மந்தமாக்கியது. அது வழி தவறி அங்கேயே சுற்றிச் சுற்றி வர இடமாயிற்று. தவறும் துடிப்பு உள்காயத்தின் முறையீடு. மருந்து முறையீட்டின் வாயைப் பொத்தியது, காயத்தையோ கிளறிவிட்டது.

நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931-இல் வேதியியலாளர் சலிமுஸ்ஸமான் சித்திகி பிரித்தெடுத்து, யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைச் சூட்டிய அஜ்மலினும் துடிப்பைச் சீராக்கும் மருந்துதான். இன்று அதை ஊசி வழியே ஏற்றி, ஒளிந்திருக்கும் ப்ருகாடா என்ற இதயக் கோளாறை இ.சி.ஜி.யில் வெளிப்படச் செய்கிறார்கள். அடக்க வந்த மருந்தே பேசவும் வைக்கிறது. இது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் காஸ்ட் ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்ட அந்த 743 பேர் இல்லாமல் போயிருந்தால்? இறந்தவர்கள் எல்லோரும் மாரடைப்பு வந்தவர்கள்தானே, நோய் முற்றிப் போய்விட்டார்கள் என்று எழுதி மூடியிருப்பார்கள். மருந்தின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நல்ல எண்ணத்தோடு கொடுத்த கைகள் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். தன் நம்பிக்கையைத் தானே எண்ணிப் பார்க்கத் துணிந்த மருத்துவம்தான் அந்தக் கைகளை நிறுத்தியது.

ஃப்ளெகைனைடு இன்றும் இருக்கிறது. தழும்பில்லாத இதயங்களுக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஆகவே சாப்பிட்டுவரும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புது மருந்து ஆய்வில் சேரச் சொல்லி யாராவது தாளை நீட்டினால், தமிழில் விளக்கச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தவறும் துடிப்பு அடங்கியதா என்பதோடு விட்டுவிடாமல், இதைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், சாப்பிடாதவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.