ஓய்வு யாருக்கு உரியது?

விடுமுறை முடிந்து வீடு திரும்பியவர்கள் பலர், ‘இனிமேல்தான் கொஞ்சம் ஓய்வெடுக்க வேண்டும்’ என்று சொல்வதுண்டு. கேட்பவர் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. வேலை நின்ற பிறகும் ஓய்வு ஏன் கிட்டவில்லை? வேலை இல்லாதிருப்பது வேறு, ஓய்வு வேறு என்றால், ஓய்வு என்பதுதான் யாது?

மைசூர் நகரின் வடமேற்கில் உள்ள ஹெப்பாள், இக்கேள்வியைச் சிந்திப்பதற்கு ஏற்ற இடம். ஒருபுறம் தொழிற்பேட்டை, அங்கே பலருடைய வாழ்க்கை ஷிப்டு நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மறுபுறம் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பரந்த வளாகம். நாடெங்கிலுமிருந்து வரும் இளம் பட்டதாரிகள் அங்குள்ள மையத்தில் பயிற்சி பெறுகின்றனர். அந்நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணிநேரம் உழைக்க முன்வர வேண்டும் என்றார். உழைப்பே நாட்டை உயர்த்தும் என்று ஒரு சாராரும், உடலும் குடும்பமும் என்னாவது என்று மறு சாராரும் வாதிட்டனர். இரு தரப்பும் மணிக்கணக்கைப் பற்றியே அதிகம் பேசின. குறைந்த நேரம் உழைப்பவனுக்கும் மன அமைதி இல்லையே, அது ஏன் என்று கேட்டவர் சிலரே.

2024 டிசம்பர் 31ஆம் நாள் அதிகாலையில் அந்த வளாகத்துக்குள் ஒரு சிறுத்தை காணப்பட்டது. ஊழியர்கள் அன்று வீட்டிலிருந்தே பணிபுரியுமாறும், பயிற்சி பெறுவோர் விடுதியிலேயே இருக்குமாறும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வனத்துறையினர் தேடத் தொடங்கினர். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே கேளாமல் வாய்த்த ஒரு நாள் அது. ஆயினும் கதவைச் சாத்திக்கொண்டு அஞ்சியிருப்பதை ஓய்வென்று யாரும் சொல்லமாட்டார்கள். நம்மில் பலருடைய விடுமுறையும் இத்தகையதே. வெளியே வேலை இல்லை. உள்ளே கவலை உலவிக்கொண்டிருக்கிறது. கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் அது தலைதூக்குகிறது.

இரண்டு காரணங்கள்

ஓய்வைக் கடவுளின் கட்டளையாகவே வைத்த மரபு யூத, கிறிஸ்தவ மரபு. பத்துக் கட்டளைகளில் ஒன்று ஓய்வுநாளைப் பற்றியது. பைபிளின் பழைய ஏற்பாட்டில் இக்கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் கூறப்படும் காரணங்கள் வேறுவேறு.

யாத்திராகமத்தில் சொல்லப்படும் காரணம் படைப்பு. ஆறு நாட்களில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். ஆகவே அவன் கண்ட முதல் முழுநாள் ஓய்வுநாளே. அவன் இன்னும் எதையும் உழைத்து ஈட்டியிருக்கவில்லை. அப்படியானால் ஓய்வு என்பது உழைப்புக்குக் கிடைக்கும் கூலி அன்று. உழைப்புக்கு முன்பே தரப்பட்ட அருள். ‘எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் ஓய்வு’ என்று காத்திருப்பவனுக்கு அது கிட்டுவதே இல்லை. ஏனெனில் வேலைகள் முடிவதே இல்லை.

உபாகமம் சொல்லும் காரணம் விடுதலை. எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் அதை மறக்கலாகாது. ஆகவே ஓய்வுநாளில் வீட்டுத் தலைவன் மட்டுமல்ல, வேலைக்காரனும் வேலைக்காரியும் வந்து தங்கிய அயலானும், மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும். அடிமைக்கு ஓய்வு இல்லை. ஓயத் தெரியாதவன் எத்தனை ஊதியம் பெற்றாலும் ஏதோ ஒன்றுக்கு அடிமையே. பிறரை ஓயவிடாதவனோ இன்னொரு எகிப்தை உருவாக்குகிறான்.

நமது ஆயுத பூஜையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் உழைத்த கருவிகள் அன்று துடைக்கப்பட்டு, பொட்டிடப்பட்டு, கையாளப்படாமல் இருக்கின்றன. கருவிக்கும் ஓய்வு உண்டு என்று கருதும் மரபுக்கு, மாட்டுக்கும் ஓய்வு கொடு என்ற கட்டளை அந்நியமாகத் தோன்றாது.

மார்த்தாவின் சமையலறை

பண்டிகை நாளில் இக்கேள்வி சமையலறையில் எழுகிறது. லூக்கா நற்செய்தியில் வரும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. இயேசு ஒரு வீட்டுக்கு வருகிறார். மார்த்தா விருந்து செய்யும் வேலையில் தவிக்கிறாள். தங்கை மரியாளோ அவருடைய காலடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தனக்கு உதவத் தங்கையிடம் சொல்லுமாறு மார்த்தா முறையிடுகிறாள். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பதே இயேசுவின் விடை.

சமைத்ததை அவர் குறை கூறவில்லை. பலவற்றுக்காகக் கலங்கியதையே சுட்டிக்காட்டினார். எனினும் மார்த்தாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோரும் அமர்ந்துவிட்டால் சமைப்பவர் யார்? மரியாளின் அமைதி மார்த்தாவின் வியர்வையில் நிற்கலாமா? ஓய்வுநாள் கட்டளையை நினைவுகூர்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். ஓய்வு தனிச்சொத்து அன்று. எல்லோரும் சேர்ந்தே ஓய வேண்டும். பலகாரங்கள் நான்கு இரண்டாகட்டும். பாத்திரங்களை ஆண்களும் கழுவட்டும். வீட்டில் ஒருத்தி அமர முடியாத பண்டிகை, மற்றவர்களுக்கும் நிறைவான பண்டிகை ஆகாது.

இரவுப்பணியில் இருந்தோர்

ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிட இயலாது என்பதும் உண்மையே. தசரா காலத்திலும் டிசம்பரிலும் மைசூர் விருந்தினரால் நிறைகிறது. 1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய புனித பிலோமினா பேராலயத்தைக் காண எல்லாச் சமயத்தவரும் வருகின்றனர். அந்நாட்களில்தான் ஓட்டுநர்களுக்கும் விடுதிப் பணியாளர்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் வேலை மிகுதி. ஒருவரது விடுமுறை மற்றொருவரின் கடும் பணிநாள்.

கிறிஸ்து பிறந்த செய்தி முதலில் யாருக்கு அறிவிக்கப்பட்டது? வயல்வெளியில் இரவெல்லாம் விழித்து மந்தையைக் காத்த இடையர்களுக்கு. விடுப்பில் இருந்தவர்களுக்கு அல்ல, இரவுப்பணியில் இருந்தவர்களுக்கு. கடமையில் நிற்பவனையும் இறைவனின் அமைதி தேடி வரும் என்பது இதன் பொருள். புயலில் தத்தளித்த படகில் இயேசு உறங்கினார் என்பதும் அத்தகைய அமைதியையே காட்டுகிறது.

இந்த உண்மையைப் பிறருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது. ‘உள்ளத்தில் அமைதி காண்’ என்று தொழிலாளிக்கு உபதேசித்துவிட்டு அவனுடைய விடுப்பைப் பறிப்பது ஆன்மிகம் அன்று. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். அதே ஞாயிறு மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. ஜோதிராவ் பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் அவர்கள் போராடியபின், 1890இல்தான் ஆலை முதலாளிகள் வார விடுமுறைக்கு இசைந்தனர். உள்ளத்தின் ஓய்வை இறைவன் தருகிறார். உடலின் ஓய்வை மனிதர் ஒருவருக்கொருவர் தந்தாக வேண்டும்.

சமநிலை

இயேசு தம் சீடர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்துச் சென்று சற்று இளைப்பாறச் சொன்னதாக மாற்கு நற்செய்தி கூறுகிறது. கூட்டம் அங்கும் வந்துவிட்டது. அவர் சினம் கொள்ளவில்லை; இரங்கினார். ஓய்வைத் தேடியதும் சரி, இரக்கத்திற்காக அதை விட்டுக்கொடுத்ததும் சரி. பேராசை கலைத்த ஓய்வு வீணாகிறது. கருணை கலைத்த ஓய்வு வீணாவதில்லை. சமநிலை என்பது இந்த வேறுபாட்டை அறிவதே.

1886 டிசம்பர் 24ஆம் நாள் இரவு, வங்காளத்தின் ஆண்ட்பூர் கிராமத்தில், நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் துனி என்னும் புனித நெருப்பைச் சூழ்ந்து அமர்ந்தனர். இயேசுவின் வாழ்வைப் பற்றி நரேந்திரர் பேச, அனைவரும் துறவுக்கு உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பிறகே அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. ‘உலகம் என்னால்தான் நடக்கிறது’ என்ற எண்ணத்தை விடுவதே துறவின் தொடக்கம். ஓய்வின் தொடக்கமும் அதுவே. துறவி வாழ்நாள் முழுவதும் விடுவதை, இல்லறத்தான் வாரத்தில் ஒரு நாளாவது விட்டுப் பழகலாம்.

வரும் விடுமுறையில் ஒருமணி நேரமாவது கைப்பேசியை அணைத்துவிட்டு இறைவன் முன் சும்மா அமரலாம். வீட்டில் வேலைசெய்யும் பெண்ணுக்கு ஊதியத்தோடு விடுப்பு அளிக்கலாம். முன்னது இறைவனிடம் வைக்கும் நம்பிக்கை. பின்னது மனிதரிடம் காட்டும் நீதி. இவ்விரண்டும் சேருமிடத்தில் ஓய்வு தானே வந்து தங்கும்.